இப்ப எந்த மாத்திரையும் சாப்பிடல

உக்காருங்க, உக்காருங்க. இந்தப் பையை நகட்டி வச்சுக்கிறேன். உள்ள அவ துணியும் ஒரு பிளாஸ்க்கும்தான். உங்க வீட்டுக்காரரு எந்தக் கட்டில்? ஆறா? எங்க பிள்ள நாலுல கெடக்கா. காலையில எட்டு மணிக்குக் கொண்டாந்தோம், மணி இப்ப பன்னெண்டாகப் போகுது. இந்த வார்டு கதவைத் திறக்கிறாங்க, ஒரு சீட்டை நீட்டுறாங்க, மூடிக்கிறாங்க. என் தம்பி அந்தச் சீட்டையும் ரத்தத்தையும் தூக்கிக்கிட்டு லேபுக்கும் இங்கயுமா ஓடிக்கிட்டுக் கெடக்கான்.

மகளா? இல்லீங்க, தம்பி பொண்டாட்டி. சுபாஷிணி. சுபான்னு கூப்பிடுவோம், இருபத்தேழு வயசு. நான் நாத்தனா, பேரு தவமணி. போடியில இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். எங்க தெருவுல வந்து மாவுக்காரத் தவமணின்னு கேட்டா கைபிடிச்சுக் கூட்டியாந்து விட்டுட்டுப் போவாங்க.

பாத்தீங்களா, நாத்தனான்னதும் உங்க முகமே ஒரு தினுசாப் போகுது! எல்லாருக்கும் அப்படித்தான். உள்ள இருக்கிற நர்ஸ் பிள்ளகூட, பேஷண்டோட அம்மா வரலையா, அம்மா வரலையான்னு ரெண்டு தடவ கேட்டுருச்சு. அவ அம்மா செத்து நாலு வருஷமாச்சு. அதுக்கப்புறம் நான்தான் அவளுக்கு அம்மா, நான்தான் மாமியா, நான்தான் நாத்தனா. என் தம்பி மகேந்திரனை ஒன்பது வயசுல இருந்து வளத்தவ நான். அவனுக்கு ஒரு நல்லது பண்ணிப் பாத்துட்டு நம்ம கல்யாணத்தைப் பாப்போம்னு இருந்தேன். அவனுக்குப் பண்ணி முடிக்கையில எனக்கு நாப்பது தாண்டிருச்சு. அதை விடுங்க.

என்ன சீக்குன்னு கேட்டீங்கள்ல? அம்மை. நகளாதீங்க, நகளாதீங்க, இறங்கிருச்சு. பொருக்கெல்லாம் காஞ்சு உதிர ஆரம்பிச்சிருச்சு. முதல்ல அவ மக ரித்திகாவுக்குத்தான் போட்டுச்சு, நாலு வயசுப் பிள்ள. ஏழாம் நாள் தண்ணி ஊத்துனேன், எந்திரிச்சு விளையாடப் போயிருச்சு. அது முடிஞ்சு ரெண்டு வாரத்துல இவளுக்கு. பிள்ளைக்கு என்ன முறை பாத்தேனோ அதே முறைதான் இவளுக்கும் பாத்தேன். ஒரு அணு குறையல. அதை நீங்க நல்லா மனசுல வச்சுக்கங்க, ஏன்னா நாளைக்கு ஆளுக்கொண்ணு பேசுவாங்க.

வாசல்ல வேப்பங்கொத்து. படுக்கையில வேப்பிலை. வீட்டுல தாளிப்பு கிடையாது, சோப்பு கிடையாது, சீப்பு கிடையாது. மாவுக் கடையை மூடிட்டேன். கிரைண்டரைத் துடைச்சுத் துணி போட்டு மூடிட்டேங்க, அது சத்தமே இல்லாம வீடு என்னமோ மாதிரி ஆகிப்போச்சு. மகேந்திரன் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுறான். அம்மை இறங்குற வரைக்கும் மலையிலேயே இரு, இந்தப் பக்கம் தலை வைக்காதேன்னு சொல்லிட்டேன். புருஷன் பொண்டாட்டி ஒரு கூரைக்குள்ள இருக்கக் கூடாதுல்ல. இளநி, கூழு, மோரு, அம்புட்டையும் நானே கையில வச்சு ஊட்டுனேன். முதுகுல அரிக்குதுன்னா வேப்பிலைக் கொத்தால தடவிக் குடுத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். பெத்தவ செய்வாளா இதை?

அப்புறம் மாத்திரை. கம்பம்னு சொன்னீங்கள்ல, உங்க ஊருலயும் அப்படித்தானே, அம்மை வீட்டுல மாத்திரை கூடாதுல்ல? வந்திருக்கிறது அம்மா. மருந்தைக் குடுத்தா அவளை விரட்டுன மாதிரி ஆயிரும், கோவிச்சுக்கிட்டா கண்ணைக் கொண்டுபோயிருவா, காதைக் கொண்டுபோயிருவா. அதுனால வீட்டுல இருந்த மாத்திரை அம்புட்டையும் ஒரு மஞ்சப்பையில போட்டு முடிஞ்சு, கிரைண்டர் ரூமு பரண்ல தூக்கி வச்சிட்டேன்.

என்னோடதா? என் பிரஷர் மாத்திரையா? அதை எதுக்கு வைக்கணும்? நான் தினமும் போட்டேன். முத்து என் மேலயா வந்துச்சு? நானும் தலை சுத்திப் படுத்துட்டா அவளை யாருங்க பாக்குறது? நல்லாக் கேக்குறீங்க கேள்வி.

அவளுக்கு என்ன மாத்திரைன்னா, கழுத்துல ஒரு கட்டி மாதிரி இருக்கு. பெருசா ஒண்ணும் இல்ல, எச்சி முழுங்கையில லேசா ஏறி இறங்கும். பிள்ள பிறந்து ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. நல்லாச் சாப்பிடுவா, ஆனா உடம்புல ஒட்டாது. நெஞ்சு படபடங்கும், கை நடுங்கும், மார்கழியில ஃபேனைப் போடுன்னுவா. எதுக்கெடுத்தாலும் சுள்ளுன்னு விழுவா. நான்கூடத் திமிருன்னு நெனச்சேன். அப்புறம் மதுரையில ஒரு டாக்டர் பாத்துட்டுத் தைராய்டுன்னாரு, மூணு வேளை மாத்திரை எழுதுனாரு. நல்லாயிட்டோம்னு நீங்களா நிறுத்திறக் கூடாது, காய்ச்சல் கீய்ச்சல்னா உடனே வந்து காட்டணும்னு சொல்லித்தான் அனுப்புனாரு. டாக்டர்னா அப்படித்தானே சொல்வாங்க, கடை நடக்கணும்ல. மாத்திரை போட்டு மூணு நாலு மாசத்துல நல்லாத்தான் ஆயிட்டா. கன்னம்கூட லேசா உப்புச்சு.

எங்க தெருவுல தைராய்டு இல்லாத பொம்பள யாரு? எதுத்த வீட்டுல பேங்க்குக்காரம்மா காலையில வெறும் வயித்துல ஒண்ணு போடும். கொடைக்கானல் போன வாரம் அதை மறந்து வச்சிட்டுப் போயிருச்சு. என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. அந்தம்மா குண்டு, இவ ஒல்லி, அம்புட்டுத்தான்.

அது வேற, இது வேறயா? ரெண்டும் தைராய்டுதானே? இவளுக்குச் சுரக்கிறது கூடிப்போனதா? அப்படியும் இருக்கா? உங்களுக்கு எப்படிங்க தெரியும்?

ஓ. உங்க தங்கச்சிக்கா. அவங்களுக்கும் கழுத்துல கட்டியா? ம். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி மாத்திரையை அவங்களாவே விட்டுட்டாங்களா? யார்கிட்டயும் சொல்லலையா? ம், அப்புறம்? இப்ப எப்படி இருக்காங்க?

ஏங்க, எப்படி இருக்காங்கன்னு கேட்டேன்.

சரி. சொல்ல வேணாம்.

இவளுக்கு அப்படி ஒண்ணும் இருக்காதுங்க. இவளுக்கு என்ன ஆபரேஷனா பண்ணுனோம், அம்மைதானே. அம்மையும் அப்படித்தானா? எந்தக் காய்ச்சல் கண்டாலுமா? உடம்புக்கு ஒரு அதிர்ச்சி போதுமா? இல்ல, சும்மா கேட்டேன்.

எப்ப இருந்து மோசமாச்சுன்னா, மூணாம் நாளே அந்த மாத்திரையைக் கேட்டா. மதினி, அது ஒண்ணை மட்டும் குடுங்க மதினி, அதை விட்டா எனக்கு ஆகாதுன்னு சொன்னா. அம்மா இறங்கட்டும், நானே எடுத்துத் தர்றேன்னேன். மறுநா பீரோவைத் திறந்து தேடுறா, அரிசி டப்பாவுல கையை விட்டுத் தேடுறா. எனக்குக் கோவம் வந்துருச்சு. நான் ஒருத்தி கடையை மூடிட்டு உனக்காக உப்பில்லாம கெடக்கேன், உனக்கு அம்புட்டு அவசரமான்னு ஒரு சத்தம் போட்டேன். அதுக்கப்புறம் கேக்கல. சுவத்தைப் பாக்கத் திரும்பிப் படுத்துக்கிட்டா.

அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. பாத்தியா, அம்மா குளுந்துட்டான்னேன். அன்னைக்கு மகேந்திரன் போன் போட்டான், தைராய்டு மாத்திரை போடுறாளாக்கான்னான். போடுறாப்பான்னேன். மலையில ஜீப் ஓட்டுறவன், மனசைக் குழப்பிவிட்டா எங்கயாவது வளைவுல கொண்டுபோயி விட்டான்னா? அதுக்குத்தான் சொன்னேன்.

ஏழாம் நாள் கூழு டம்ளரைக் கையில குடுத்தேன். தளும்பித் தளும்பிப் பாதி மேல கொட்டிருச்சு. அப்படி நடுக்கம். படுக்க மாட்டேங்கிறா, உக்கார மாட்டேங்கிறா, அந்த ரூமுக்குள்ளயே நடக்கிறா. கண்ணு ரெண்டும் பிதுங்கி, முழிச்ச முழி இமைக்காம. வேர்வை ஊத்துது. எட்டாம் நாள் வாந்தி, வயித்தாலயும் போகுது. இடைவிடாம என்னமோ பேசுறா, ஒண்ணும் விளங்கல. தெருவுல கூடிட்டாங்க. அம்மை வீடுன்னு உள்ள வரல, வாசல்ல நின்னுதான். அம்மா இறங்காம உடம்புலயே நிக்கிறா, அதான் இந்த ஆட்டம்னு சொல்லிக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. பேங்க்குக்காரம்மா இருக்கே, படிச்ச பொம்பள, அது வாசல்ல நின்னு என் மகளுக்கு எப்ப தாயி வரன் அமையும்னு குறி கேக்குது.

சுபா என்ன சொன்னா தெரியுமா? மாத்திரை, மாத்திரைன்னா. அது ஒண்ணுதான் எங்களுக்கு விளங்குச்சு. நான் விபூதியைத் தண்ணியில கரைச்சு வாயில ஊத்துனேன்.

ஏங்க என் கையைப் புடிக்கிறீங்க? விடுங்க, சொல்றேன். நெஞ்சா? நெஞ்சு அடிச்சது வெளிய தெரிஞ்சுச்சுங்க. நான் எட்டி நிக்கிறேன், ரவிக்கை துடிக்கிறது எனக்குத் தெரியுது. உடம்பு சூடா? ஒன்பதாம் நாள் வேப்பிலைத் தண்ணி ஊத்தித் தொடைச்சு விடுறேன், கை வைக்க முடியல. அம்மை இறங்குனா காய்ச்சல் போகணும்ல, இது ஏறுது. கண்ணு மஞ்சளா இருந்துச்சான்னா, ஆமா, மஞ்சள் பூசுனதுனாலன்னு நெனச்சேன். கண்ணுக்குள்ளயா மஞ்சள் பூசுவாங்கன்னு இப்பத்தான் தோணுது.

நேத்து ரித்திகா வந்து அம்மான்னு நின்னுச்சு. இவ பாத்தா. பாத்துட்டு, யாரு வீட்டுப் பிள்ள இது, தனியா நிக்குதுன்னு என்கிட்டக் கேட்டா. எனக்கு அப்பத்தாங்க பயம் வந்துச்சு. மகேந்திரனுக்கு நானே போன் பண்ணேன். அவன் விடியக் கிளம்பி வந்தான், அப்படியே ஜீப்புல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துட்டான். வர்ற வழியெல்லாம் என் மடியிலதான் தலை. பிள்ளத்தாச்சியா இருக்கையில கால் வலிக்குதுன்னு இதே மடியில காலை நீட்டிக்கிட்டுப் படுத்திருப்பா. எனக்கு அவ மேல ஆசை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாதுங்க. யாரும் சொல்ல முடியாது.

டாக்டர் என்ன சொன்னாங்களா? அம்மை தலைக்கு ஏறியிருக்கும், மூளைக்காய்ச்சலா இருக்கும்னு பாக்குறாங்க. முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கணுமாம், தலையை ஸ்கேன் பண்ணணுமாம். மகேந்திரன் கையெழுத்துப் போட்டுட்டான்.

கட்டியை அவங்க பாக்கலையான்னா, கழுத்துல பொருக்கும் மஞ்சளுமா இருக்கு, கட்டி எங்க தெரியப்போகுது? அவங்க எங்க அதைப் பாத்தாங்க.

நானா? நான் எதுக்குச் சொல்லணும், கேட்டாச் சொல்ல மாட்டேனா. கேட்டாங்க. ஒரு சின்ன டாக்டரம்மா, நம்ம வீட்டுப் பிள்ள மாதிரி இருக்கும், அது கேட்டுச்சு. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களாம்மான்னுச்சு. மகேந்திரன் அப்ப ஜீப்பை விடப் போயிருந்தான். இப்ப எந்த மாத்திரையும் சாப்பிடலைன்னேன். அதுல என்ன பொய் இருக்கு? இப்ப சாப்பிடலையே. பதினோரு நாளா சாப்பிடல. சொன்னது நெசந்தானே?

மகேந்திரன், நான் எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்னு நெனச்சுக்கிட்டு ஓடிக்கிட்டிருக்கான். அவங்க, இவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. ஆமா. நடுவுல நான்தான் இருக்கேன். இப்படி நீங்க கேக்கக் கேக்கத்தான் எனக்கே...

எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. ஏங்க, உங்களைக் கும்புடுறேன், நீங்க போய்ச் சொல்லிறாதீங்க. அவன் வந்துருவான். மாத்திரையை நிறுத்துனியான்னு என்னைக் கேப்பான். அவ போடுறான்னு போன்ல சொன்னவளே நான்தாங்க. நான் வளத்த பிள்ளங்க அவன்.

அரை மணி நேரம் தாமதமானா என்ன ஆயிரும்? என்ன ஆயிருமா? சொல்லுங்க, வாயைத் திறந்து சொல்லுங்க. உங்க தங்கச்சிக்கு எம்புட்டு நேரம்... ஐயோ.

விடுங்க. விடுங்க, நான் போறேன். நீங்க வேணாம். நானே தட்டுறேன் கதவை.

.

வந்துட்டேங்க. தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க. போதும்.

சொல்லிட்டேன். அந்தச் சின்ன டாக்டரம்மாதான் வந்துச்சு. கழுத்துல கட்டி, தைராய்டு கூடுன சீக்கு, மூணு வேளை மாத்திரை, பதினோரு நாளா ஒண்ணுகூட இல்லைன்னேன். அது முகம் மாறிப்போச்சு. திட்டும்னு நின்னேன், திட்டல. மாத்திரை பேரு என்ன, எத்தனை வருஷமா, எந்த டாக்டர், கடைசியா என்னைக்குப் போட்டாங்கன்னு மளமளன்னு கேட்டுச்சு. இப்பவாவது சொன்னீங்களேன்னு என் கையை ஒரு அழுத்து அழுத்திட்டு உள்ள ஓடுச்சு. ஓடும்போதே கத்துதுங்க, தைராய்டு ஸ்டார்ம் மாதிரி இருக்கு, உசுருக்கே ஆபத்து, பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க, ஸ்கேனை நிறுத்துங்கன்னு. பிழைச்சுக்குவாளான்னு கேட்டேன். கதவு மூடிருச்சு.

திரும்புனா மகேந்திரன் நிக்கிறான். எம்புட்டு நேரமா நின்னானோ. மாத்திரை போடலையாக்கா, நீ போடுறான்னு சொன்னியேன்னான். யாரு நிறுத்துனதுன்னான்.

அவதான்ப்பா வேணாம்னுட்டா, அம்மா கோவிச்சுக்குவான்னு பயந்துட்டா, உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்னேன்.

உடனே நம்பிட்டாங்க. நான் சொன்னா அவன் எதையும் நம்புவான். பைத்தியக்காரி, பைத்தியக்காரின்னு அவளைத் திட்டிக்கிட்டே சுவத்துல சாஞ்சு அழுதான். அவ உள்ள அப்படிக் கெடக்கா, இவன் வெளிய நின்னு அவளைத் திட்டுறான். நான் அவன் முதுகைத் தடவிக் குடுத்தேன். அப்புறம் புதுசா ஒரு சீட்டு வந்துச்சு, வாங்கிக்கிட்டு மருந்துக் கடைக்கு ஓடிட்டான்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? வைத்தியத்துக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லிட்டேன்ல? யாரு நிறுத்துனாங்கங்கிறதுக்குத் தனியா ஒரு மருந்து இருக்கா?

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியும். அவ முழிச்சாச் சொல்லிருவா. மதினி குடுக்கல, நான் கேட்டேன், கெஞ்சுனேன், குடுக்கலைன்னு சொல்லுவா. அவன் அப்படியே திரும்பி என்னைப் பாப்பான். அந்தப் பார்வையை நான் இங்கன உக்காந்தே பாத்துட்டேங்க. அதுக்கப்புறம் அவன் வாயில அக்காங்கிற வார்த்தை வராது.

வர வேணாம். அவ முழிக்கட்டும். முழிச்சு, நான் பக்கத்துல நிக்கையிலேயே சொல்லட்டும். அதைச் சொல்ற அளவுக்கு அவளுக்குத் தெம்பு வந்தாப் போதும்.